தோளுக்குப் பெரிய கோட்டு

கேள்வி இதுதான்: ‘நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். தெருவில் வளர்ந்தவன், ஜேப்படித் திருடன், வாய்த்துடுக்கு அதிகம். முதல் அத்தியாயத்தில் ஒரு பர்ஸை அடிக்கிறான். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகனைக் காப்பாற்றிவிட்டு உயிரை விடுகிறான். படித்தவர்கள் எல்லோரும் “நல்லாத்தான் இருக்கு, ஆனா இவனை ஏற்கெனவே எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே” என்கிறார்கள். இந்தப் பாத்திரம் எங்கிருந்து வருகிறது? தேய்ந்த அச்சாக இல்லாமல் இவனை எழுத முடியுமா?’

முடியும். ஆனால் உங்கள் நண்பர்கள் சொன்னது உண்மை. இந்தப் பையனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கூட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவதற்குள் யாருடைய பர்ஸாவது அவன் கைக்கு வந்திருக்கும். எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று அவனுக்கு மனப்பாடம். பெரியவர்களை எடுத்தெறிந்து பேசுவான். யாராவது அன்பாகப் பேசினால் பின்வாங்குவான். உள்ளுக்குள் தங்கமான மனசு. இதெல்லாம் அவன் போட்டுக்கொண்டிருக்கும் உடுப்பு. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த உடுப்பை மட்டும் எடுத்து மாட்டிவிட்டு, உள்ளே ஆளைப் போட மறந்துவிடுகிறார்கள்.

பல வருடமாக இந்தப் பாத்திரத்தைத் தேடித் தேடிப் படித்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. இவன் உயிரோடு இருப்பது அவனுடைய கைக்கும் அவனுடைய வயதுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான். கைக்கு முப்பது வயது, ஆளுக்குப் பத்து வயது. கையின் சாமர்த்தியத்தை மட்டும் எழுதினால் குள்ளமான ஒரு பெரிய திருடன் கிடைப்பான். வயதின் பரிதாபத்தை மட்டும் எழுதினால் கண்ணீர் வரவழைக்கும் பொம்மை கிடைக்கும். இரண்டும் ஒரே காட்சியில், ஒரே உடம்பில் இருக்கும்போதுதான் அவன் எழுந்து நடக்கிறான்.

தமிழ் வாசகனுக்குத் திருட்டுப் பிள்ளை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கண்ணன். பெரியாழ்வார் பாடுகிறார்: ‘வெண்ணெய் விழுங்கி வெறுங்கலத்தை வெற்பிடை இட்டு அதன் ஓசை கேட்கும்.’ வெண்ணெயைத் தின்றது போதாதென்று காலிக் கலத்தைக் கல்லில் போட்டு உடைத்து, அந்தச் சத்தத்தை நின்று கேட்கிறான். குழந்தைத் திருட்டை இதைவிடக் கச்சிதமாகச் சொல்லிவிட முடியாது. திருடியவன் ஓட வேண்டும், இவனோ சத்தம் கேட்டு மகிழ்கிறான். ஏன் முடிகிறது? அதே பாசுரத்தில் ‘உன் மகனைக் காவாய்’ என்று யசோதையிடம் முறையிடுகிறார்கள். புகார் சொல்ல ஒரு வாசல் இருக்கிறது. ‘உன் மகன்’ என்று சொல்ல ஒரு தாய் இருக்கிறாள். தெருத் திருடனுக்கு அந்த வாசல் கிடையாது. அவன் மேல் வரும் புகார் நேராகக் காவலரிடம் போகும். இருவர் செய்வதும் திருட்டுதான். ஒருவனுடையது குறும்பாகவும் மற்றவனுடையது குற்றமாகவும் ஆவது, பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் பையனை எழுதும்போது இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

ஐரோப்பிய உரைநடையில் இவனுடைய தாத்தா என்று சொல்லத்தக்கவன் 1554-இல் ஸ்பெயினில் பிறந்தான். ‘லாசரில்லோ தெ தோர்மெஸ்’ என்ற சின்ன நாவல், ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. வறுமையால் தாய் தன் பையனை ஒரு குருட்டுப் பிச்சைக்காரரிடம் வழித்துணையாக ஒப்படைக்கிறாள். ஊரைத் தாண்டும் முன்பே, கல்லில் செதுக்கிய காளை ஒன்றின் அருகே காதை வைத்துக் கேள், உள்ளே பெரிய சத்தம் வரும் என்கிறார் அவர். பையன் நம்பிக் காதை வைக்கிறான். தலையைப் பிடித்துக் கல்லில் மோதுகிறார். குருடனின் பையனுக்குப் பிசாசை விட ஒரு படி கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது பாடம். பையன் அந்த இடத்திலேயே விழித்துக்கொள்கிறான். இனி நமக்கு நாம்தான் என்று புரிகிறது.

அதே நாவலில் திராட்சைக் காட்சி ஒன்று உண்டு. ஒரு குலை கிடைக்கிறது. ஆளுக்கொரு பழமாக மாற்றி மாற்றி எடுப்போம், ஏமாற்றக் கூடாது என்று பேச்சு. இரண்டாவது முறையே குருடர் இரண்டிரண்டாக எடுக்க ஆரம்பிக்கிறார். பையன் பார்க்கிறான். அவரே இரண்டு எடுத்தால் நான் மூன்று எடுக்கிறேன் என்று மூன்று மூன்றாக விழுங்குகிறான். குலை தீர்ந்ததும் அவர் சொல்கிறார், நீ மூன்று மூன்றாகத் தின்றாய். எப்படித் தெரியும்? நான் இரண்டிரண்டாகத் தின்றபோது நீ வாய் திறக்கவில்லையே.

நானூற்று எழுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இந்தப் பாத்திர வகையின் முழு இலக்கணமும் அந்தக் குலையில் இருக்கிறது. திருட்டைக் கண்டுபிடித்தல்ல, பார்த்துக் கற்கிறான். சொல்லிக்கொடுப்பவர் பெரியவர். ஒப்பந்தத்தை முதலில் மீறியவரும் அவரே. பையனின் மௌனம்தான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் பையனின் கைக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் இருந்தாக வேண்டும். அவன் கை தானாக அப்படி ஆகியிருக்காது. யார் பழக்கினார்கள், எதைச் சொல்லி, எதைக் காட்டி, எந்த அடி கொடுத்து? அந்த ஆள் உங்கள் நாவலில் ஒரு பக்கம்கூட வராமல் போகலாம், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தவன் அவ்வளவாகப் பேசப்படாதவன், எனக்கு மிகவும் பிடித்தவன். 1722-இல் டேனியல் டீஃபோ எழுதிய ‘கர்னல் ஜாக்’. கண்ணாடிப் பட்டறைச் சாம்பலின் கதகதப்பில் படுத்து உறங்கும் அநாதைப் பையன். ஒரு திருட்டில் கூட நின்றதற்காக முதன்முறையாக அவனுக்கென்று பங்குப் பணம் கிடைக்கிறது. அப்போதுதான் தெரிகிறது, அதை வைக்க அவனுக்கு இடமில்லை. கந்தலில் ஒரு பை கிடையாது. கையில் பொத்திக்கொண்டு நடக்கிறான். செருப்புக்குள் போட்டுப் பார்க்கிறான், குத்துகிறது, நடக்க முடியவில்லை. யாராவது பறித்துவிடுவார்களோ என்று தூக்கம் போகிறது. ஊருக்கு வெளியே ஒரு மரப்பொந்தில் ஒளித்துவைக்கப் போகிறான். பணம் நழுவிக் கைக்கு எட்டாத ஆழத்துக்குள் விழுந்துவிடுகிறது. அந்த மரத்தடியில் நின்று, குச்சியை விட்டுத் துழாவி, முடியாமல் வாய்விட்டு அழுகிறான். பிறகு சுற்றி வந்து பார்த்தால் மரம் அடிவரைக்கும் பொள்ளல், மறுபக்கம் திறந்திருக்கிறது, பணம் அங்கேயே கிடக்கிறது. அவன் ஆனந்தத்துக்கு அளவில்லை. அப்புறம் அந்தப் பணத்தில் அவன் வாங்கும் முக்கியமான பொருள் எது தெரியுமா? பை வைத்த கால்சட்டை.

பிறர் பைகளில் கைவிட்டு வாழும் கூட்டத்துப் பையனுக்குத் தனக்கென்று ஒரு பை இல்லை. டீஃபோ இதை அழுத்திச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டுப் போகிறார். பணம் என்றால் என்னவென்று தெரியாத வயதில் பணம் கையில் வந்துவிட்டது. அந்தத் திகைப்பில் கையும் வயதும் இரண்டும் தெரிகின்றன.

இனி டிக்கன்ஸ். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ 1837 முதல் 1839 வரை மாதத் தொடராக வந்தது. இன்று உலகம் முழுக்க இந்தப் பாத்திரத்துக்கு அடையாளமாக நிற்பவன் அதில் வரும் ஜாக் டாக்கின்ஸ், பட்டப்பெயர் ‘ஆர்ட்ஃபுல் டாட்ஜர்’, பிடியில் சிக்காத கைகாரன் என்று வைத்துக்கொள்ளலாம். சப்பை மூக்கு, அழுக்கு முகம், கதாநாயகனான அநாதைப் பையன் ஆலிவரின் வயதுதான் இருக்கும். ஆனால் நடை, பேச்சு, தோரணை எல்லாம் வளர்ந்த ஆம்பிளை மாதிரி. போட்டிருப்பது பெரியவர்களுடைய கோட்டு. குதிகால் வரை தொங்குகிறது. கைகள் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகக் கைப்பகுதியைப் பாதி வரை மடித்துவிட்டிருக்கிறான். தலையில் தொப்பி எந்த நேரமும் விழுந்துவிடும்போல நிற்கிறது, விழப்போகும்போதெல்லாம் தலையை ஒரு வெட்டு வெட்டிச் சரிசெய்துகொள்கிறான்.

அந்தக் கோட்டை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஒரே உடுப்பில் டிக்கன்ஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெரியவர்களின் வாழ்க்கையை இந்தப் பையன் அளவு பார்க்காமல் மாட்டிக்கொண்டிருக்கிறான். மடித்துவிட்ட கைப்பகுதி மட்டும் அவன் தொழிலுக்கு ஏற்பத் தைத்தது மாதிரி. அதனால்தான் பின்னால் வந்த எத்தனையோ சிறுவர் திருடர்கள் பெரிய சட்டையும் தொப்பியுமாகத் திரிகிறார்கள். டிக்கன்ஸிடம் அர்த்தத்தோடு வந்தது, மற்றவர்களிடம் வேஷமாகிவிட்டது.

அவருக்கு இது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1824-இல் தந்தை கடனுக்காகச் சிறையில் இருந்தபோது, பன்னிரண்டு வயது டிக்கன்ஸ் பூட்ஸ் மை தயாரிக்கும் பட்டறையில் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலை பார்த்தார். அங்கே கூட வேலை செய்து அவருக்கு உதவிய ஒரு பையனின் பெயர் பாப் ஃபேகின். திருடர் பையன்களின் தலைவனுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். கடவுள் கருணை இல்லாதிருந்தால், என் மேல் எடுத்துக்கொள்ளப்பட்ட அக்கறை இருந்த லட்சணத்துக்கு நானே ஒரு சின்னத் திருடனாகவோ நாடோடியாகவோ ஆகியிருப்பேன் என்ற பொருளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அது வெளியே தெரிந்தது அவர் இறந்தபின், 1870-களின் தொடக்கத்தில் வெளியான, அவருடைய நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய டிக்கன்ஸ் வாழ்க்கை வரலாற்றில். ஆலிவர், டாட்ஜர் இருவரையும் ஒரே ஆளின் இரண்டு வழிகள் என்று நான் படிப்பது இதனால்தான்.

தொழில் கற்றுக்கொடுக்கும் காட்சியைப் பாருங்கள். ஃபேகின் பைகளில் பொடி டப்பி, கடிகாரம், கைக்குட்டை எல்லாம் நிரப்பிக்கொண்டு, கடைத்தெருவில் வேடிக்கை பார்க்கும் கனவான் மாதிரி அறைக்குள் நடக்கிறார். பையன்கள் பின்னாலேயே போகிறார்கள். ஒருவன் காலை மிதிக்கிறான், ஒருவன் மேலே இடறுகிறான், அதற்குள் பொருள்கள் காணாமல் போகின்றன. கை பட்டது தெரிந்தால் அவர் கத்துவார், ஆட்டம் மறுபடி முதலிலிருந்து. ஆலிவர் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறான். அவன் கண்ணுக்கு அது வெறும் விளையாட்டு. குழந்தைக்கு உரிய விளையாட்டையே தொழிற்பயிற்சியாக மாற்றியிருக்கிறார் அந்தக் கிழவர். இதைவிடக் கொடுமையான காட்சி அந்த நாவலில் இல்லை என்பேன், அதில் ஒரு அடிகூட விழாவிட்டாலும்.

பிறகு தெருவில் நிஜத் திருட்டு. புத்தகக் கடை வாசலில் மெய்ம்மறந்து படித்துக்கொண்டிருக்கிறார் ஒரு பெரியவர். டாட்ஜர் கைக்குட்டையை உருவுகிறான், கூட நிற்கும் சார்லி பேட்ஸிடம் கைமாற்றுகிறான், இருவரும் மூலையில் மறைகிறார்கள். ஆலிவர் பயந்து ஓட, ஓடுகிறவனே திருடன் என்று ஊர் துரத்துகிறது. அப்போது டாட்ஜரும் சார்லியும் வெளியே வந்து ‘திருடன், பிடி’ என்று கூடவே கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். தொழில் தெரிந்தவன் செய்வது அதுதான். வாசகன் சிரித்துவிட்டுத்தான் திடுக்கிடுகிறான், மாட்டிக்கொள்ளப் போவது யார் என்று.

அந்தக் கைக்குட்டை எங்கே போகிறது என்பதிலும் டிக்கன்ஸ் கவனமாக இருக்கிறார். பட்டுக் கைக்குட்டையில் உரிமையாளர் பெயரெழுத்து தைத்திருக்கும், அதை ஊசியால் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு திருட்டுக் கைக்குட்டைகள் தோரணம்போலத் தொங்கும் ஒரு சந்தில் விற்பனை. ஃபேகின் பெட்டியில் தங்கக் கடிகாரங்கள் சேர்கின்றன. பையனுக்குக் கிடைப்பது சோறும் படுக்க ஒரு மூலையும். இந்தப் பாத்திரத்தை எழுதும் பலரும் தவறவிடுவது இதைத்தான். பையன் திருடுவதைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், திருட்டுப் பொருளை வாங்குகிறவரை எழுத மாட்டார்கள். அந்தச் சங்கிலியில் ஆபத்து முழுக்கப் பையனுக்கு, லாபம் முழுக்க வேறு ஒருவருக்கு. அது தெரியாவிட்டால் அவன் சாகசக்காரனாகத் தோன்றுவான். தெரிந்துவிட்டால் அவன் தொழிலாளி, அதுவும் கூலி கிடைக்காத தொழிலாளி.

டாட்ஜரின் முடிவு பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஒரு வெள்ளிப் பொடி டப்பியோடு பிடிபடுகிறான். நீதிமன்றத்தில் அவன் அடிக்கும் கூத்து பிரசித்தம். இது நியாயம் விற்கிற கடை இல்லை என்கிறான், என் வக்கீல் பெரிய மனிதர்களோடு காலை உணவு சாப்பிடப் போயிருக்கிறார் என்கிறான். கூடியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். பிறகு உள்ளே தள்ளப்படுகிறான், நாவலில் அதன்பின் அவனை நாம் பார்ப்பதில்லை. கப்பலேற்றி நாடு கடத்திவிடுவார்கள் என்பது கூட்டாளிகளுக்குத் தெரியும். சார்லி பேட்ஸ் அழுகிறான், எதற்கு? பணக்காரக் கிழவர் ஒருவரை மொத்தமாகச் சுருட்டிவிட்டுக் கம்பீரமாகப் போகாமல், அற்பப் பொடி டப்பிக்காகப் போகிறானே, குற்றவாளிகள் வரலாற்றுப் புத்தகத்தில் இவன் பெயர் வராதே என்று. நண்பனை இழந்த துக்கத்தைச் சொல்ல அந்தப் பையனிடம் வேறு மொழி இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே மானம் அந்தத் தொழிலின் மானம்.

அந்தக் காலத்தில் நாடு கடத்தல் என்றால் ஆஸ்திரேலியா. டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் அருகே பாயிண்ட் பியூயர் என்று சிறுவர்களுக்கு மட்டுமான ஒரு சிறை 1834 முதல் 1849 வரை இயங்கியது. டாட்ஜர் கற்பனை, அவனைப் போன்றவர்கள் போய்ச் சேர்ந்த இடம் கற்பனை இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1960-இல் மேடை இசை நாடகமாகவும் 1968-இல் திரைப்படமாகவும் இந்தக் கதை வந்தபோது, படத்தின் கடைசியில் ஃபேகினும் டாட்ஜரும் உற்சாகமாக நடை போட்டபடி கிளம்பிப் போகிறார்கள். நாவலில் ஃபேகினுக்குத் தூக்கு, டாட்ஜருக்குச் சிறை. ஜனங்களுக்கு அந்தப் பையனைப் பிடித்துப் போனதால் அவனுக்கு விடுதலை கிடைத்தது. நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் அன்று முதல் இவனுடைய பொதுப் பிம்பத்திலிருந்து நீதிமன்றம் கழன்று போய்விட்டது. கோட்டும் தொப்பியும் சிரிப்பும் மிஞ்சின. உங்கள் நண்பர்கள் ‘எங்கேயோ பார்த்த மாதிரி’ என்று சொல்லும் பையன் இப்படி மிஞ்சியவன்.

உங்கள் கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். பிறருக்காக உயிரைக் கொடுக்கும் தெருப் பையனின் மூலவர் விக்டர் ஹியூகோவின் காவ்ரோஷ். ‘லே மிசராப்ல’, 1862. அவன் 1832 பாரிஸ் கிளர்ச்சியில், தடுப்பரணுக்கு வெளியே கிடக்கும் பிணங்களிடமிருந்து தோட்டாக்களைப் பொறுக்கியபடி, பாடிக்கொண்டே சுடப்பட்டுச் சாகிறான். அந்தச் சாவு எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாவை நம்பவைப்பது வெகு முன்னால் வரும் ஓர் இரவு. குளிரில் வழி தவறி அழும் இரண்டு சின்னப் பையன்களைக் கூட்டிப் போகிறான். அவர்கள் தன் சொந்தத் தம்பிகள் என்று அவனுக்குத் தெரியாது, கடைசி வரை தெரியாது. ரொட்டி வாங்கி மூன்றாக வெட்டுகிறான். ஒரு துண்டு சிறிதாகப் போய்விடுகிறது, அதைத் தனக்கு வைத்துக்கொள்கிறான். பிறகு பாஸ்தீல் சதுக்கத்தில் நின்ற பிரம்மாண்டமான யானைச் சிலையின் வயிற்றுக்குள் அவர்களை ஏற்றுகிறான். அந்த யானை உண்மையிலேயே அங்கே நின்றது, 1846-இல்தான் இடித்தார்கள். உள்ளே படுக்கையைச் சுற்றிக் கம்பி வலை, எலிகள் கடிக்காமல் இருக்க. வலையும் கம்பளியும் எங்கிருந்து? மிருகக்காட்சித் தோட்டத்திலிருந்து திருடியவை. கம்பளி குரங்குகளுடையது. விலங்குகளிடம் இதெல்லாம் இருக்கிறது, எடுத்துக்கொண்டேன், அவை ஒன்றும் கோபிக்கவில்லை என்கிறான்.

ஹியூகோவுக்குக் காவ்ரோஷ் தங்க மனசுக்காரன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போக எவ்வளவு நேரமாகும்? அவர் சின்னத் துண்டைக் காட்டுகிறார், குரங்கின் கம்பளியைக் காட்டுகிறார். எலிகளுக்குப் பயப்படும் வயது அவனுக்கும்தான் என்பது அந்த வலையில் இருக்கிறது. உங்கள் பையன் கதாநாயகனுக்காக உயிர் விடுவது எனக்கு ஒப்பவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். காவ்ரோஷ் யாருடைய கதையையும் முடித்துவைப்பதற்காகச் சாகவில்லை, தன் விளையாட்டைத் தானே விளையாடிச் சாகிறான். பெரியவர் ஒருவரின் மனமாற்றத்துக்காகத் தெருப் பையனைப் பலி கொடுக்கும் கதைகள், ஃபேகின் செய்ததையேதான் செய்கின்றன. பையனை வைத்து வேறு ஒருவர் லாபம் பார்க்கிறார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பாத்திரத்தை மிக ஆழமாகத் தொட்டவர் என்று நான் கருதுவது பிரேசிலின் ஜோர்ஜ் அமாடோ. ‘மணல்வெளித் தலைவர்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் 1937-இல் வந்த நாவல். பாயியா நகரத் துறைமுகத்தில் பாழடைந்த கிடங்கு ஒன்றில் வாழும் கைவிடப்பட்ட பையன்கள் கூட்டம். அந்த வருடமே சர்வாதிகார அரசு அந்த நகரத்தில் அதன் பிரதிகளைத் தெருவில் போட்டு எரித்தது. அதில் ‘காலில்லாதவன்’ என்று பட்டப்பெயர் கொண்ட நொண்டிப் பையன் ஒருவன் வருகிறான். அநாதை என்று சொல்லி நல்ல வீடுகளில் அடைக்கலம் புகுந்து, உள்ளே எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, கூட்டத்துக்குத் தகவல் சொல்லி, திருட்டுக்கு முன் நழுவுவது அவன் வேலை. ஒரு வீட்டில் இறந்துபோன மகனின் இடத்தில் அவனை வைத்துக்கொள்கிறாள் ஒரு தாய். மகனின் துணி, மகனின் அறை, ஒரு முத்தம். அவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் முத்தம் வேலைக்கு நடுவில் கிடைக்கிறது. நாட்களைத் தள்ளிப்போடுகிறான். கடைசியில் கூட்டத்துக்குத் துரோகம் செய்ய முடியாமல் அந்தத் தாய்க்குத் துரோகம் செய்கிறான். திருட்டு நடந்தபின்னும் அவள் அவனைச் சந்தேகிக்கவில்லை, காணவில்லை என்று தேடுகிறாள். பேப்பரில் அந்தச் செய்தியை வாசிக்கக் கேட்கும்போது அவன் உடைகிறான்.

அதே நாவலில் பழைய குடை ராட்டினம் ஒன்று ஊருக்கு வருகிறது. கத்தி வைத்துக்கொண்டு திரியும் பையன்கள் இரவில், கூட்டம் கலைந்தபின், மரக்குதிரைகளில் ஏறிச் சுற்றுகிறார்கள். விளக்குகள் சுழல்கின்றன, பழைய இசைப்பெட்டி பாடுகிறது. அந்த அத்தியாயத்தில் கதை ஒரு அடிகூட முன்னால் நகரவில்லை. அது இல்லாவிட்டால் அந்த நாவல் இல்லை.

சினிமாவில் ஒன்று மட்டும் சொல்கிறேன், ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கோரே-எடாவின் 2018 படம், கடைகளில் திருடிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் கதை. ஷோட்டா என்ற பையன் ஒவ்வொரு திருட்டுக்கு முன்னாலும் விரல்களைச் சுழற்றி நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சின்னச் சடங்கு செய்வான். கடையில் இருக்கும் பொருள் இன்னும் யாருக்கும் சொந்தமாகவில்லை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சேர்த்துக்கொண்ட குட்டிப் பெண்ணுக்கு அவன் அந்தச் சடங்கைக் கற்றுக்கொடுக்கிறான். ஒருநாள் சிறு கடை ஒன்றின் வயதான முதலாளி அவனைக் கூப்பிடுகிறார். எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கையில் தின்பண்டத்தைக் கொடுத்து, தங்கச்சியை இதைச் செய்ய வைக்காதே என்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பையன் மாற ஆரம்பிக்கிறான். பின்னால் அவள் திருடப்போகும் நேரத்தில், எல்லோரும் தன்னைப் பார்க்கும்படி ஆரஞ்சுப் பழப் பையைத் தூக்கிக்கொண்டு அவன் ஓடுகிறான். கை தெரிந்தவன், வேண்டுமென்றே சத்தம் போட்டுத் திருடுகிறான். அப்பா இடத்தில் இருந்தவரிடம், பிள்ளைக்குத் திருடக் கற்றுக்கொடுத்தது உறுத்தவில்லையா என்று விசாரணையில் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்க என்னிடம் வேறெதுவும் இல்லை என்கிறார். நான் இதுவரை பார்த்த ஃபேகின்களில் வெறுக்க முடியாமல் போனவர் இவர் ஒருவர்தான்.

பெண் குழந்தைகள் இந்த வகையில் ஏன் குறைவு என்று கேட்டிருக்கலாம், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் நான்சி இருக்கிறாள். ஆலிவரின் பாதி வயதில் ஃபேகினுக்காகத் திருடத் தொடங்கியவள் என்று அவளே ஆவேசமாகச் சொல்கிறாள். அந்தச் சிறுமியின் கதையை டிக்கன்ஸ் எழுதவில்லை, வளர்ந்தபின் வந்த விளைவை மட்டும் எழுதினார். தெருவில் வளரும் பெண் குழந்தைக்கு வரும் ஆபத்தைச் சிரிக்கச் சிரிக்க எழுத முடியாது என்பதால் பலரும் அந்தப் பக்கமே போகவில்லை. இன்னும் எழுதப்படாத இடம் அங்கே நிறைய இருக்கிறது.

உங்கள் பையனுக்குத் திரும்புகிறேன். அவனுக்கு எது தெரியாது என்று எழுதுங்கள். தெரிந்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள். பூட்டைத் திறப்பான், சரி. ஷூ லேஸ் கட்டத் தெரியுமா? காய்ச்சல் வந்தால் என்ன செய்வான், யாரிடம் சொல்வான்? தன் வயது பதினொன்று என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? இருட்டுக்குப் பயமா? வாய்த்துடுக்கைப் பாதியாகக் குறையுங்கள். எல்லா வாக்கியமும் பஞ்ச் ஆக இருந்தால் அதைப் பேசுவது நீங்கள், அவன் இல்லை. உண்மையில் பதிலுக்குப் பதில் பேசும் பிள்ளை, பயந்த நேரத்தில்தான் அதிகம் பேசும். அவன் பேச்சே நின்றுபோகும் ஓர் இடத்தை நாவலில் வையுங்கள். அவன் நல்லவன் என்று காட்டத் திருடிய பணத்தை ஏழைக் கிழவிக்குக் கொடுக்கும் காட்சி இருந்தால் எடுத்துவிடுங்கள். அவன் நல்லவனாக இருப்பதற்கு அவனுக்கு ஏதாவது செலவாக வேண்டும், ரொட்டியில் சின்னத் துண்டு எடுத்துக்கொண்ட மாதிரி.

முதல் அத்தியாயத்தில் அவன் பர்ஸை அடிக்கும் காட்சி அப்படியே இருக்கட்டும். அதற்கப்புறம் இரண்டு பக்கம் அவன் பின்னாலேயே போய்ப் பாருங்கள். எந்தச் சந்தில் நின்று அதைத் திறக்கிறான், நோட்டுகளை எண்ணத் தெரிகிறதா, யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான், அவர் எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறார், அந்தக் காசை எங்கே வைத்துக்கொண்டு அன்று இரவு தூங்குகிறான் என்று.